பார்த்துக்கொள்ளும் மகன்

இந்த நாட்டில் வழி காட்டுபவர்கள் ஆட்காட்டி விரலை நீட்டுவதில்லை. நான்கு விரல்களையும் மடக்கி, பெருவிரலால் திசை சொல்வார்கள். அது மலாய் மரியாதை. திருச்சியில் அப்படிக் காட்டினால் ஏளனமென்று கொள்வார்கள். கல்லூரியில் கற்பிக்க வந்து, கிள்ளானில் பிறந்த சரோஜாவை மணந்து, பிரிக்பீல்ட்ஸில் தலை நரைத்த பின்னும் அந்த விரல் ஒரு கணம் என்னைத் துணுக்குறச் செய்கிறது. நல உதவி அலுவலகத்தில் இருந்த இளம் அதிகாரியும் பெருவிரலால்தான் எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

பக்கவாதத்தில் விழுந்த சரோஜா அப்போது கிள்ளானுக்கு அருகே மேரு என்ற ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். அங்கே தாதியர் வேளை தவறாமல் அவளைப் புரட்டிப் படுக்கவைத்ததால் முதுகில் புண் வரவில்லை. என் சேமிப்பு தீரும் நிலையில் இருந்தது. அரசின் உதவி கிடைத்தால் அவள் அங்கேயே இருக்கலாம். இல்லையேல் என் இரண்டு கைகளை நம்பி வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகளால் இயலாது என்று உறுதியானால்தான் உதவி என்பது விதி. ஆகவே மெல்பர்னில் வாழும் எங்கள் ஒரே மகனை அலுவலகம் தொலைபேசியில் விசாரித்திருந்தது.

"மகன்கிட்ட பேசியாச்சு, அங்கிள். அம்மா செலவு முழுக்க அவர்தான் பார்த்துக்கிறாராம். நல்ல பிள்ளை லா," என்றார் அதிகாரி மலாயில், மனமார்ந்த மகிழ்ச்சியோடு.

"அவன் எதுவும் அனுப்புவதில்லை," என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க அப்பாவும் கோபம் வந்தா இப்படித்தான் சொல்வார்."

வெளியே வந்து மகனை அழைத்தேன்.

"நாம வெல்ஃபேர்ல நிக்கிறோம்னு கிள்ளான் மாமாவுக்குத் தெரிஞ்சா என் மானம் என்னாகிறதுப்பா? அதான் அப்படிச் சொன்னேன்."

"சரி. இனிமே அனுப்புவியா?"

"பார்க்கலாம்பா. இங்க வீட்டு லோன் வேற."

திருச்சியில் என் தந்தை படுக்கையில் கிடந்த காலத்தில் எந்த அலுவலகமும் என்னை விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டேன்.

அரசின் உதவி கிடைக்கவில்லை. சரோஜாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாதியர் செய்ததையெல்லாம் செய்து பார்த்தேன். அவளைத் தனியே புரட்ட மட்டும் என் முதுகுக்கு வலுவில்லை. புண் வந்தது, பின்னர் காய்ச்சல் வந்தது. அவள் என்னை ஒரு முறைகூடக் கடிந்துகொள்ளவில்லை. மகனைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இறுதிச் சடங்குக்கு அவன் வந்தான். "ஒத்தைப் பிள்ளையா இருந்து கடைசி வரைக்கும் தாங்கிட்டான், மச்சான். கொடுத்து வச்சவர் நீங்க," என்று சரோஜாவின் அண்ணன், அந்தக் கிள்ளான் மாமா, என் தோளைத் தட்டினார். மகன் தலை குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டான். நான் மறுக்கவில்லை.

போன வாரம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது திருச்சியிலிருந்து தம்பி அழைத்தான்.

"அண்ணா, கிளம்பி வந்துடு. அங்கே உன்னை யார் பார்த்துக்கிறாங்க?"

"மகன்தான்," என்றேன்.

ஒரு பக்கம் கிள்ளான் ரயிலுக்கு மக்கள் ஓடினார்கள். மறுபக்கம் விமான நிலைய ரயிலுக்குப் பெட்டிகளை உருட்டிச் சென்றார்கள். கையில் பயணச்சீட்டு ஏதுமின்றி நடுவே நின்ற என்னை இரு சாராரும் விலகிக் கடந்தார்கள்.