ஆயாவின் கையால் ஞானஸ்நானம்

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "கொழந்தையச் சுத்தித் தண்ணியே இல்லம்மா," என்றார். பிறகு வெளியே நின்ற என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை. உள்ளே தண்ணீர் இல்லாததால் நுரையீரலும் வளராது. வயிற்றுக்குள் இருக்கிறவரை என் மூச்சில் ஓடும். வெளியே வந்தால் சில நிமிஷம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மணி நேரம். "இப்பவே எடுத்துடறது நல்லது. இந்த வாரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அதிர்ஷ்டமாம். அந்த வார்த்தையை எதற்கு அங்கே கொண்டுவந்து போட்டார் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. ராயபுரத்தில் குடியிருந்தோம். அவருக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற வேலை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுத்தால் ஹார்பர் நிலக்கரி கைரேகையில் ஒட்டும். விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ஒருத்தி கரித்தூசியால்தான் என்றாள். ஒருத்தி, கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாய் என்றாள். இன்னொருத்தி எதுவும் பேசாமல் சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோயிலில் எல்லாரும் என் விசுவாசத்தை மெச்சினார்கள். விசுவாசமாவது மண்ணாங்கட்டியாவது! பயம். கையெழுத்துப் போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம். போடாமல் இருப்பதற்கு எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே கிடந்தது. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பு டீச்சர் ஒருவர் எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மதில் ஓரம் சிலுவை இல்லாமல் இருந்த சின்னச் சின்ன மேடுகளைக் காட்டினார். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைகளாம். மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் அதுகள் இருக்குமாம். அங்கே அழுதால் அதுகளை யார் தூக்குவார்கள் என்று நான் கேட்டேன். டீச்சர் எங்களை வரிசையில் நிறுத்தி வெளியே கூட்டிப்போனார்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பழைய பேச்சும்மா. உனக்கு இருக்கிற இரக்கம் ஆண்டவருக்கு இருக்காதா?" என்றார். சாமியாருக்கென்ன, சொல்லிவிட்டார். அவரா பெறப்போகிறார்? நான் நகராமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "சரி, கேட்டுக்கோ. ஆபத்துல யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். சாமியார்தான் குடுக்கணும்னு இல்ல, கிறிஸ்தவங்களாத்தான் இருக்கணும்னுகூட இல்ல. திருச்சபை செய்றதைச் செய்றோம்ங்கிற எண்ணத்தோட தலையில தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்னு சொன்னாப் போதும். ஆனா உயிர் இருக்கணும்."

உயிர் இருக்கணும். அதற்கப்புறம் அதுதான் என் ஜெபம். குணமாக்கு, புதுமை செய் என்று கேட்பதையெல்லாம் விட்டுவிட்டேன். தலையில் தண்ணீர் விழுகிற நேரத்துக்கு உயிர் இருந்தால் போதும், ஆண்டவரே. இவ்வளவு சின்னதாகக் கேட்பதிலும் ஒரு பயம் இருந்தது. பெரிதாகக் கேட்டுக் கிடைக்காமல் போனால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதைக்கூடக் கொடுக்கவில்லை என்றால் அப்புறம் அவரோடு நான் எந்த முகத்தோடு பேசுவேன்? பேசாமல்தான் எப்படி இருப்பேன்?

ஜெபமாலையில் மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போகிற இடம் வந்தால் தாண்டிவிடுவேன். வயிற்றுக்குள் குழந்தை துள்ளிய கதை அது. என் குழந்தைக்குத் துள்ள இடமில்லை. சில நாள் அசையவே அசையாது. அப்போது வயிற்றில் கைவைத்தபடி படுத்திருப்பேன். ஒரு சின்ன அசைவு வந்த பிறகுதான் எழுந்து உலை வைப்பேன்.

ஞானஸ்நானம் கொடுப்பது என் கணவர் என்று முடிவு செய்தோம். வீட்டில் ஒத்திகை நடந்தது. தேங்காயை ஒரு கையில் பிடித்து, மறு கையால் டம்ளர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொல்லுவார். அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுகிறவர், டம்ளரை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடுவார். "மெதுவாய்யா, மூக்குல போவுது," என்று தேங்காய்க்காகச் சண்டை போடுவேன்.

ஒன்பதாம் மாசம் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வாசலிலேயே வாட்ச்மேன், "ஆம்பளைங்கல்லாம் வெளிய," என்றான். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அதுவரை உறைக்கவில்லை. தேங்காய்க்கு ஞானஸ்நானம் கொடுத்த மனுஷன் கேட்டுக்கு வெளியே நின்றார்.

வார்டில் ஒரு ஆயா இருந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரர். வாயில் எப்போதும் புகையிலை, அவர் பேச்சில் போயலை. எல்லாரையும் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார். பெட்டுக்கடியில் துடைக்க வந்தவரிடம் கேட்டேன். "ஆயாம்மா, பொறந்த புள்ளைய மொதல்ல யார் கையில குடுப்பாங்க?"

"நான்தான் வாங்குவேன். இன்னாத்துக்குக் கேக்குற?"

சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "த பாரு, நான் ஆடி மாசம் ஆத்தாவுக்குக் கூழு ஊத்தறவ. என் வாயால சொன்னா உங்க சாமி ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்னு சாமியாரே சொல்லிக்கீறாரு."

"உங்க சாமி இத்த தன் புள்ளையா ஏத்துக்கணும். அதானே?"

"அதான்."

"இத்த சொல்றதுக்கா இம்மாம் நேரம் முயிச்சிக்கினு கெடந்த?" என்றார்.

வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பெயரும் சொல்லிவைத்தேன். பாத்ரூம் கழுவும்போதும் அவர் வாய் முணுமுணுக்கும். மறுநாளிலிருந்து டூட்டியில் போயலை போடவில்லை. "சாமி பேர சொல்ற வாய்ல போயலய அடக்கிக்கினா சொல்றது?" போயலை இல்லாத கடுப்பில் வார்டில் ஒருத்தரையும் விடாமல் காய்ச்சினார். அவர் லீவு போடுகிற நாளில் வலி வந்தால் என்ன செய்வது என்று எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. "வந்தா ஆள் அனுப்பு. வியாசர்பாடி இன்னா லண்டன்லயா கீது?" என்று வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார். அதை ஜன்னல் வழியாக என் கணவரிடம் சொல்லிவைத்தேன்.

ஆயாவின் லீவு நாளில்தான் வலி வந்தது. காலையில் வலி எடுத்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "யோவ்! ஆயாவ இட்டுகினு வாய்யா! ஓடுய்யா!" டீக்கடை ஓரம் நின்றிருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமலே ஓடினார்.

அப்புறம் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வலியெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. கதவுதான் ஞாபகம். ஒவ்வொரு தடவை அது திறக்கும்போதும் பார்ப்பேன். நர்ஸ் வருவார், டாக்டர் வருவார், ட்ரே வரும். "முக்கும்மா" என்றார்கள். நான் முக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். "இன்னா பொண்ணு நீ, புள்ள திணறுதும்மா!" என்று அதட்டினார்கள். முக்கினால் ஆயா வருவதற்குள் குழந்தை வந்துவிடும், முக்காவிட்டால் உயிர் உள்ளேயே போய்விடும். மாதாவே, நீயும் பெற்றவள்தானே, கண் இல்லையா உனக்கு என்று கத்தினேனோ, மனசுக்குள் சொன்னேனோ, தெரியவில்லை.

கதவு திறந்தது. யூனிஃபார்ம் இல்லாமல், ஈரத் தலையோடு ஆயா. "ஒனக்கு இன்னிக்கு லீவுதானே?" என்று சிஸ்டர் கேட்டார். "வூட்ல போரடிச்சிது சிஸ்டர்," என்றபடி என் கால்மாட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்து, "இப்ப முக்குடி," என்றார்.

குழந்தை வந்தது தெரிந்தது. அழுகை கேட்கவில்லை. "பொம்பளப் புள்ள," என்றார் ஒருவர். மல்லாந்து கிடந்த எனக்கு ஆயாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குழாய் திறக்கிற சத்தம். பிறகு அவர் குரல். யாரையும் திட்டாத குரல் அவருக்கு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் மகளின் பேரைச் சொன்னார். பிதா என்றார், சுதன் என்றார், பரிசுத்த ஆவி என்றார். ஒரு சொல் பிசகவில்லை. முடித்துவிட்டு, "நல்லா இரு கண்ணு," என்று அவராகச் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் போய்க் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நிறைய நேரம் கேட்டார். பிறகு திரும்பி வந்து எனக்குத் தையல் போட ஆரம்பித்தார்.

ஆயா துணியில் சுற்றி என் பக்கத்தில் கொண்டுவந்து படுக்கவைத்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்க பயம். கேட்கவும் பயம். ஆனாலும் கேட்டேன்.

"ஆயாம்மா, ஊத்தும்போது உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சத்தியமா?"

"இந்தா, செத்த புள்ளைக்கு ஊத்திட்டு வந்து பொய் சொல்ற ஜென்மம் இல்ல நானு. தண்ணி பட்டதும் மூஞ்சிய சுளிச்சிது. ஜில்லுன்னு கீதுன்னு கோவம். ஊசி போட வந்தா நீ சுளிப்பியே, அதே மூஞ்சி."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு மூச்சு வுட்டுது. என் கையிலயே நின்னுடுச்சு."

நான் திரும்பித் துணியை விலக்கினேன். நெற்றி இன்னும் காயவில்லை.