நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

கருநீல நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை என் பீரோவில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அம்மா பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். குளிருக்காக வாங்கவில்லை, சித்திரை மாதத்தில் அங்கே யாருக்குக் குளிரும்? என் முகத்தை மூடுவதற்காக வாங்கினாள்.

அப்போது நான் வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலைப்பாதையில் நான் வந்த ஜீப் கவிழ்ந்து, முன்கண்ணாடி என் மூக்கின் கீழ்ப்பாதியைக் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறிய பிறகு கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “மூக்கு போனா போவுது, உயிர் இருக்குதே” என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாருக்கும் மூக்கு இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அறுவை செய்துவந்தார். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள். பட்டணத்தில் பெரிய படிப்பெல்லாம் படித்தும் பேச்சு மட்டும் அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. அதட்டாமல் அவருக்குப் பேச வராது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அம்மா, “பிளாஸ்டிக்குன்னா வெயில்ல உருகிடாதுங்களா?” என்று கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “உருகாதும்மா. அத்தினியும் உன் பொண்ணு தோலுதான்” என்றார். தையல் நூல் வரும் உறையின் ஈயத்தாளை எடுத்து, என் மூக்கில் இல்லாத இடத்தின் அளவுக்குக் கத்தரித்தார். அதைத் தலைகீழாக என் நெற்றியில் வைத்து, சுற்றி மையால் கோடு போட்டார். ரவிக்கைத் துணியில் தையல்காரர் அளவு வைப்பது போலத்தான் இருந்தது. அந்தத் தோலை அறுத்து, புருவத்தருகே மட்டும் அறுக்காமல் விட்டு, திருப்பி இறக்கி மூக்கில் தைப்பாராம். புருவத்திலிருந்து வரும் ரத்தத்தில்தான் புது மூக்கு பிழைக்க வேண்டும். அது ஒட்டி உயிர் பிடிக்கும் வரை, மூன்று வாரம் போல, நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே சதை தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் வெட்டிவிடுவார்.

“பாக்கறதுக்கு ஆனைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். இறுக்கிக் கட்டக் கூடாது, அமுக்கக் கூடாது. ரத்தம் நின்னுச்சின்னா மூக்கு கருத்துப் பூடும். அப்பால நீ இன்னா அழுதாலும் உனக்கு இன்னொரு நெத்தி கெடையாது” என்றார்.

அறுவை முடிந்து நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார், மூக்கு விஷயம் தெரியாமலே, என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பதறிப்போனாள். கடைக்கு ஓடி அந்தச் சால்வையை வாங்கி வந்து, நெற்றியையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றி, அவிழாதபடி பின்னால் முடிச்சுப் போட்டாள். வலித்தது. தங்கைக்காகப் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா, “தலைவலிங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க, தலைவலி” என்றாள் அம்மா. வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு அவர்கள் போன பிறகும், வார்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவள் கட்டை அவிழ்க்கவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்தார். முடிச்சை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை. கத்தரியால் சால்வையை அறுத்து எறிந்தார். அடியில் என் புது மூக்கு நாவல்பழம் போல ஆகியிருந்தது. தையல் ஒன்றிரண்டைத் தளர்த்தி, ஊசியால் குத்தினார். கறுப்பாக ஒரு சொட்டு வந்தது. அவர் நகரவில்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் மெல்லச் சிவப்பு திரும்பியது. அதன் பிறகுதான் அம்மாவின் பக்கம் பார்த்தார்.

“யாருக்குப் பாக்க அசிங்கமா இருக்குதோ, அவங்க கண்ணக் கட்டிக்கினு வரட்டும். இவ மூஞ்சியக் கட்டாத.”

அம்மா அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சால்வையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தொங்கும் சதையை வெட்டுவதற்கு முன்பே கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. “நீ பின்கட்டுல இரும்மா. அந்த ஒரு நாள்தான்” என்றாள் அம்மா. கட்டு மாற்றப் போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். “மறைஞ்சிக்கினா மூக்குக்கு ஒண்ணும் ஆவாது. உனக்கு ஆவும்” என்றார். திறந்த முகத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே வந்தது. சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து தங்கையிடம் மட்டும், “இந்த எடம் தட்டிப் போச்சின்னா?” என்று கேட்டேன். அவள் பூ தொடுத்துக்கொண்டே, “போவட்டும். உன் மூக்கப் பாத்து ஓடறவங்க நாளைக்கு என்னையும் பாத்து ஓடுவாங்க” என்றாள்.

நிச்சயத்தன்று கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மா சமையலறை வாசலில் சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு, வா வா என்று கண்ணால் கெஞ்சினாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அன்னிக்குத் தலைவலின்னாங்களே?”

“இல்லீங்க. மூக்கு. இன்னும் வேலை முடியல.”

அம்மாவின் கையிலிருந்து சால்வையை வாங்கி, பாயின் மேல் மடித்துப் போட்டு, “உக்காருங்க” என்றேன். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு அதன்மேல் உட்கார்ந்து, தன் பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு, “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். தட்டு மாற்றினார்கள்.

டாக்டரம்மா இப்போது உயிரோடு இல்லை. நெற்றியில் அவர் விட்ட தழும்புக் கோட்டை, தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டால் மறைக்கலாம் என்று யோசனை சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் முடியை இழுத்துப் பின்னால் வாரிக்கொள்கிறேன். வெள்ளிமலையில்தான் இன்னமும் வேலை. மார்கழி வந்தால் கத்தரிபட்ட அந்தச் சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். நல்ல சால்வை, நன்றாகக் குளிர் தாங்கும். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அது என் கழுத்துக்கு மேலே ஏறியதில்லை.