கடைசிப் பக்கத்தில் பேசியவன்

போன வாரம் அரியலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாளும் கழுத்தை நீட்டி அதையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் போனைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, சாய்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்கு வளர்மதியின் ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்வந்தேன். அங்கே ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் நூலகத்துப் புத்தகம்தான் துணை. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. அந்த நாட்களில் நான் படித்த நாவல்கள் எல்லாமே பல்லில் நறநறத்தவைதான்.

பேரளியில் ஏறுகிற வளர்மதி என்ற பெண் என் பக்கத்தில் உட்காருவாள். அரியலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சேலையில் டானிக் வாசனை இருக்கும். ஒருநாள் நான் பக்கத்தைத் திருப்பப் போனபோது, "அக்கா, கொஞ்சம் இருங்க. இன்னும் நாலு வரி இருக்கு" என்றாள். அவளும் கூடவே படித்து வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்தக் கெணத்துக் கதையிலேர்ந்து படிக்கிறேன்க்கா."

அதை நான் முடித்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதன்பிறகு புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். அப்படிப் படித்த ஒரு நாவலில், புருஷன் முகம் கொடுத்துப் பேசாததால் ஒருத்தி வீட்டை விட்டு வந்து தனியாகத் தையல் கடை வைக்கிறாள். பாதி நாவல் தாண்டியபோது வளர்மதி தன் கதையைச் சொன்னாள். அவளை விக்கிரமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள்.

"அடிக்கமாட்டாரு, குடிக்கமாட்டாரு. பேசமாட்டாரு, அவ்வளவுதான். சோறு போடும்போதுகூட போதும்னு கையாலதான் காட்டுவாரு. இதைச் சொன்னா யாருக்கும் புரியலக்கா."

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அப்போது சரியாகப் புரியவில்லை. கல்யாணம் ஆகாதவள் நான்.

நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் அவளுக்கு முந்திக்கொண்டு ஆபீஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டேன். புருஷன் நோயில் விழ, அவள் பெட்டியோடு திரும்பிப் போகிறாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசுகிறான். தக்காளிச் சோற்றைப் பிசைந்தபடி அழுதேன். தலைவலியா என்று கேட்டு யாரோ தைலம் கொடுத்தார்கள். சாயங்காலம் புத்தகத்தை வளர்மதியிடமே கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கச் சொன்னேன்.

மறுநாள் திருப்பித் தந்தாள். அதிலும் டானிக் வாசனை ஏறியிருந்தது.

"இத்தனை பக்கம் வாயத் தொறக்காதவன் கடைசிப் பக்கத்துல எப்படிக்கா பேச ஆரம்பிச்சான்?"

நான் அழுத இடத்தில் அவள் ஒரு கேள்வியை வைத்துவிட்டாள். அரியலூர் வரும்வரை இரண்டு பேரும் அந்த எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே போனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்திலிருந்து அவளைக் கூட்டிப்போக வந்தார்கள். நடந்ததைத் திங்கட்கிழமை பஸ்ஸில் சொன்னாள். பெரியவர்கள் பேசி முடித்ததும் இவள் நேராகப் புருஷனிடம் போய், "நீங்க ஒரு வார்த்தை வான்னு கூப்பிடுங்க, வரேன்" என்றிருக்கிறாள். அவர் தன் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அண்ணன், "அதான் நாங்கல்லாம் வந்திருக்கமே" என்றாராம்.

"அப்ப நான் வரலைன்னுட்டேன்க்கா."

அவள் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு முறைப்படி பிரிந்தார்கள். அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று ஒருநாள் அவளே சொன்னாள். "அந்தப் பொண்ணுகிட்டயாவது பேசுறாராமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான்.

"பேசுறாராம்க்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நாவலை எழுதியவரை நாங்கள் இரண்டு பேரும் அவசரப்பட்டுத் திட்டிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு என்ன தோன்றியது என்று தெரியாது. அன்றைக்கு நாங்கள் எதுவும் படிக்கவில்லை.

மருந்துக்கடை முதலாளி பாடாலூரில் இன்னொரு கடை திறந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள வளர்மதியை அனுப்பினார். எங்கள் இரண்டு வீட்டிலும் போன் கிடையாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பல வருஷம் கழித்து, திருச்சிக்குப் போகும் வழியில் பாடாலூரில் இறங்கி விசாரித்தேன். டீக்கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ரோட்டை அகலப்படுத்துறப்ப அந்த வரிசையையே எடுத்துட்டாங்க. அந்தம்மா எங்க போச்சுன்னு தெரியலங்க" என்றார். கடை இருந்த இடம் எது என்று கேட்டேன். சாலையின் நடுவே கையைக் காட்டினார். அங்கே அரளி பூத்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.