பூனைப் பருந்துகள் இறங்கிய புல்வெளி

அந்த ஐப்பசியில் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் சீக்கிரமே இறங்கிவிட்டது. மூட்டுவலிதான் போகவில்லை. சாக்பீஸைப் பிடிக்க விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். விடுப்பு எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டிலேயே கிடந்தேன்.

கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக எழுந்த நகர் அது. எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் புல்தான். முழங்காலளவுப் புல், நடுவே குடை பிடித்தாற்போல் இரண்டொரு வேலமரம், யானை முதுகு போலப் பாறைகள். வீடு பார்க்க வந்தபோது, "பின்னாடி சும்மா கெடக்குற எடம்தான் மேடம், காத்து ஜாஸ்தி வரும்" என்று புரோக்கர் சொன்னார். நானும் அதை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் என் கணவர் என்னைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் எங்கள் மருந்துக் கடைக்குப் போவார். காய்ச்சல் விட்ட உடம்பில் ஒரு மிதப்பு இருக்கும். சத்தங்கள் எல்லாம் எங்கோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அந்த மிதப்போடு நான் புல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மழைக்குப் பச்சையாக நின்ற புல் கார்த்திகையில் கதிர்விட்டது. மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறியது. காற்று வரும்போது அந்த வெளி முழுக்க ஒரே உடம்பாகத் திரும்பிப் படுக்கும். வெயில் மலைக்குப் பின்னால் சாயும் நேரத்தில் புல்லின் நுனிகள் மட்டும் எரிவதுபோல் இருக்கும். நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

அப்படி ஒரு மாலையில்தான் அவை வந்தன. முதலில் ஒன்று. வெளிறிய சாம்பல் நிறம், நீளமான இறக்கை, நுனியில் மட்டும் கறுப்பு. இறக்கையை அடிக்காமல் புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நழுவிக்கொண்டே வந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் இன்னொன்று. பிறகு பல திசைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக. வட்டமடித்துத் தாழ்ந்து, வேலமரம் இருக்க, பாறை இருக்க, நேராகப் புல்லுக்குள் இறங்கி மறைந்துவிட்டன. பருந்து போலத்தான் இருந்தன. தரையில் போய்த் தூங்கும் பருந்தை யார் பார்த்திருக்கிறார்கள்? காய்ச்சல் மறுபடி ஏறுகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளும் வந்தன. செல்போனில் எடுத்த மங்கலான படத்தைச் சென்னைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் என் பழைய தோழிக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள்.

"ஏய், இது பூனைப் பருந்துடி! எங்க எடுத்த?"

"எங்க வீட்டு மாடிலேருந்து."

"மாடிலேருந்தா? கஜகஸ்தான் பக்கத்துலேருந்து வருதுங்க அதுங்க. அங்கயும் புல்லுதான், இங்கயும் புல்லுதான். வெட்டுக்கிளி புடிச்சி சாப்ட்டுட்டு தரையிலயே தூங்கும். மரத்துல உக்காந்து தூங்காது."

அன்று அவள் நிறையப் பேசினாள். இந்த மாதிரிப் புல்வெளிகள் எல்லாம் காடு அழிந்து மிஞ்சியவை என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, பல இடங்களில் ஆதியிலிருந்தே அங்கே புல்தான், மனுஷன் வருவதற்கு முன்பிருந்தே மான்கள் மேய்ந்த வெளி என்றாள். மேலே தெரிவதைவிட மண்ணுக்குள்தான் புல் அதிகம், ஒருமுறை வேரோடு வெட்டிவிட்டால் மறுபடி அதே புல்வெளி லேசில் வராது என்றாள். போனை வைத்த பிறகு மறுபடி அந்த வெளியைப் பார்த்தேன். அது எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது.

சிக்கல் தை மாதத்தில் வந்தது. என் கணவருக்கு மரம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்கள் சந்தித்ததே மலைச்சரிவில் கன்று நட்டபோதுதான். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனேன், அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு வேப்பங்கன்றும் கொடுத்தோம். அப்படிப்பட்டவர் ஒருநாள் சந்தோஷமாக மாடிக்கு வந்தார்.

"நகர் சங்கத்துல முடிவாயிடுச்சிம்மா. பின்னாடி எடம் பூரா மரம் வெக்கப் போறோம். புங்கன், நாவல், வேம்பு. அடுத்த வாரம் கன்னு வந்துடும்."

"அந்த எடத்துல வேணாங்க" என்றேன்.

"ஏன்?"

"புல்லு இருக்கட்டும். அந்தப் பருந்துங்க எங்க போகும்?"

அவர் சிரித்தார். "மரம் வந்தா பறவைங்க இன்னும் ஜாஸ்தி வரும்."

"வேற பறவைங்க வரும். இதுங்க வராது. இதுங்களுக்கு மரம் வேணாம்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "மரம் வேணாம்னு நீயா சொல்ற?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. எங்கள் கல்யாணத்தையே நான் வேண்டாம் என்று சொன்னதுபோல் ஒரு திகைப்புதான் இருந்தது. அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரை கொடுத்தார், வெந்நீர் வைத்தார், மாடிக்கு மட்டும் வரவில்லை.

ஒரு விடியற்காலையில் நானே அவரை எழுப்பினேன். "என்னைக் கொஞ்சம் அங்க கூட்டிப்போங்க. நடந்து பாக்கணும்போல இருக்கு." அவர் எழுந்து என் செருப்பை எடுத்து வைத்தார்.

பனி கொட்டியிருந்தது. புல்லுக்குள் நுழைந்ததுமே அவர் லுங்கியும் என் புடவையும் நனைந்து, ஊசிப்புல் விதைகள் ஒட்டிக்கொண்டன. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத சாம்பல் நேரம். கௌதாரி ஒன்று கத்தி ஓய்ந்தது. நாங்கள் மெதுவாக நடந்தோம். சட்டென்று எங்கள் காலடியிலிருந்தே ஒரு பருந்து எழும்பியது. ஆந்தை மாதிரி வட்ட முகம், மஞ்சள் கண். எழும்பிய வேகத்தில் அதன் காற்று என் கன்னத்தில் பட்டது. அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது. பனிக்குள் சத்தமில்லாமல் எழுந்து எழுந்து அவை மிதந்துபோயின. என் கணவர் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். வலித்தது, நான் சொல்லவில்லை.

பருந்து எழுந்த இடத்தில் புல் கிண்ணம்போல் அமுங்கியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அதில் கையை வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

பக்கத்திலிருந்த புல்தூர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு கையால் இழுத்தும் அது வரவில்லை. தூரிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டார்.

"குழி தோண்டுனா இதெல்லாம் வெட்டணும் இல்ல?"

"ஆமாங்க."

அந்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். பேசத் தெரியாதவர், திக்கினார். "மரக்காரரே மரம் வேணாம்ன்றாரு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிலருக்கு மனத்தாங்கல். புல் இருந்தால் பாம்பு வரும் என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். அது வராது என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் கன்றுகளைத் தெருவோரத்திலும் ஏரிக்கரையிலும் நட்டார்கள். எங்களுக்காக என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையில் தண்ணீர் ஊற்றுவது சுலபம்.

எல்லாம் நன்றாக முடிந்துவிடவும் இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் பட்டா நிலம். அடுத்த ஆடியில் ஜேசிபி வந்து சமன்செய்து, மனைக்கல் நட்டு, கலர்க் கொடி கட்டிவிட்டார்கள். அந்தக் குளிரில் பருந்துகள் கம்மியாகத்தான் வந்தன. வராமல் போய்விடவில்லை.

என் விரல்கள் சரியாகிப் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அவர் இப்போதும் ஞாயிறுகளில் மரம் நடப் போகிறார். முன்னைப்போல் போனதும் மண்வெட்டியை எடுப்பதில்லை, முதலில் ஒரு சுற்று நடந்து பார்க்கிறார் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போன மார்கழியில் ஒருநாள் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தேன். மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. புதிதாகக் குடிவந்திருந்த எதிர்வீட்டுப் பெண்ணை நிற்கவைத்து அவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பூனைப் பருந்துங்க. கஜகஸ்தான்லேருந்து வருது."

"பூனையா? எங்கண்ணா? எனக்குத் தெரியலயே!"

"பூனை இல்லம்மா, பறவை. அதோ, தாழ வருது பாருங்க. இப்ப இறங்கும்."

நான் பையைக்கூட இறக்கிவைக்காமல் படியேறினேன்.