கழுத்தில் தொங்கிய அளவு நாடா

பாடசாலைக்குப் போன முதல் நாளில் என் மகளின் வெள்ளைக் கவுன் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அது யார் பிழை? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பதுளையில் அதைத் தைக்கக் கொடுத்த கடையின் முதலாளி, கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றவே மாட்டார், தாலியைப் போல. அதைக் கொண்டு அவர் யாரையும் அளந்து நான் பார்த்ததில்லை.

"வெட்டுறது பண்டாரவளையில, தங்கச்சி. தைக்கிறது லுணுகலை தோட்டத்து லயத்துப் பொண்ணுங்க. பட்டனுக்குக் காஜா எடுக்கிறது பூனாகலையில," என்றார், பெருமையாக.

"அப்ப நீங்க என்ன செய்றீங்க, மொதலாளி?"

"எல்லாத்தையும் பாத்துக்கிறது நான்தானே! அளவ மட்டும் நீங்க வீட்டுல எடுத்து போன்ல சொல்லிருங்க."

மகள் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். படித்தவளான நானோ தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அளந்து சொன்னேன்.

கவுன் பாடசாலை தொடங்குவதற்கு முந்தைய நாள்தான் வந்தது. போட்டுப் பார்த்த மகள் அழுதாள். கடைக்கு ஓடினேன்.

"தச்சவள கேட்டா வெட்டுனவன சொல்லுவா. வெட்டுனவன கேட்டா அளவ சொல்லுவான். அளந்தது யாரு, தங்கச்சி?" என்று சிரித்தார். "மடிப்பப் பிரிச்சு விட்டா சரியாயிரும். நீங்களே பிரிச்சிருங்க."

பிரித்தேன். போதவில்லை.

நான் தோளிலிருந்து அளந்தேனா, கழுத்திலிருந்தா? நினைவில்லை. அடுத்து மகனுக்கும் தைக்க வேண்டும். பிள்ளைகளை எங்கிருந்து அளப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவரிடம் கேட்கலாம்தான், அதற்கும் ஓர் ஊரைச் சொல்வார்.