முள் குத்திய விரலும் வான்கோமைசினும்

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் மெஷின் ஒரு பாட்டிலுக்குக் கத்தினால் நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுவேன். பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கிருமியாக இருக்கும். அன்று ஸ்டெல்லா என்ற நோயாளியின் பாட்டில்கள் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. இடது கை ரத்தம், வலது கை ரத்தம், இரண்டிலும் வளர்ச்சி. காபி ஆறிப்போனது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் மைக்ரோபயாலஜி டாக்டராக இருந்தேன். ஸ்டெல்லா கடற்கரை ஊரான கடியப்பட்டணத்துக்காரர். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். எக்கோ ஸ்கேனில் இதய வால்வின் மேல் கிருமிக் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. வான்கோமைசின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆனாலும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனது.

கிருமிக்குச் சாயமேற்றும் கிராம் ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மெலிந்த ஊதாக் குச்சிகள். வால்வில் வழக்கமாகக் குடியேறுகிறவை உருண்டைக் கிருமிகள். மீனிலும் பன்றியிலும் வாழும் ஒரு குச்சி உண்டு. கைக்காயம் வழியாக ஏறி வால்வை அரித்துவிடும். வான்கோமைசினை அது சட்டையே செய்யாது, பெனிசிலினுக்குத்தான் அடங்கும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

ஐசியுவுக்குப் போனேன். வளைகுடாவிலிருந்து ஓடி வந்திருந்த மகன் பக்கத்தில் நின்றான். அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். “அம்மைக்கு வீட்டு வேலைதான் மேடம். மீன் யாவாரத்த நான் சொல்லி எப்பவோ நிறுத்தியாச்சு” என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கை, மீன் வாடையே இல்லை. ஆள்காட்டி விரலில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு தடிப்பு. இது என்ன என்று கேட்டதும் கதவைப் பார்த்தார்.

“அவன் காதுல விழாண்டாம் டாக்டரே. சந்தைக்கு இப்பவும் போறேன். முள்ளு குத்திச்சு, சுண்ணாம்பு வச்சேன். அது எல்லாருக்கும் குத்தும்லா.”

உடனே இதய டாக்டரான கார்டியாலஜிஸ்டுக்குப் போன் செய்து என் சந்தேகத்தைச் சொன்னேன். உறுதியா என்று கேட்டார். இல்லை, கிருமியை அடையாளம் காட்டும் டிஎஸ்ஐ டியூப் நாளைக்குத்தான் சொல்லும், அதுவரை அந்தம்மா தாங்க வேண்டுமே என்றேன். “வான்கோவ நிறுத்தாம பெனிசிலினையும் சேர்க்கேன் மேடம்” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தப்பாக இருந்தாலும் பயம், சரியாக இருந்தாலும் பயம்.

மறுநாள் டியூபின் நடுவில், கிருமியை ஏற்றிய ஊசி இறங்கிய தடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு. எரிசிப்பெலோத்ரிக்ஸ். நான் பயந்த அதே குச்சி. பெனிசிலினில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் வால்வு ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஸ்டெல்லாவே மகனைக் கூப்பிட்டார். “மக்கா, நான் யாவாரத்த விடல்ல. மீன் முள்ளுலேருந்துதான் இது வந்திருக்கு. ஏசணும்னா நான் திரும்பி வந்தபெறவு ஏசு.” அவன் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

புது வால்வோடு திரும்பி வந்தார். மகன் ஏசவில்லையாம்.

லேபில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்லைடில் புரியாத கிருமி தெரிந்தால் எழுந்து வார்டுக்குப் போங்கள். அந்தக் கை எதையெல்லாம் தொட்டது என்று, வீட்டார் இல்லாத நேரமாகக் கேளுங்கள்.

இப்போதும் பஸ்ஸில் மீன்காரப் பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றால் என் கண் அவர்கள் விரல்களுக்குத்தான் போகும். முள் குத்திய தடம் இல்லாத ஒரு கையை நான் இன்னும் பார்க்கவில்லை.