தீர்ப்புக்கு மேலே ஒரு கோர்ட்

முன்சீப் கோர்ட்டில் எங்கள் மிளகாய்க் காட்டு வழக்கு தோற்றது. எங்களுக்கு இருந்த நிலம் அது ஒன்றுதான். என்னைப் பெற்ற அய்யா அதோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார். எங்கள் ஊரில் பஞ்சாயத்துக் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொன்ன பிறகு, அதை மறுத்து வேறிடம் போகிறவனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

முன்சீப்புக்கு மேல் சப் கோர்ட்டும் ஜில்லா கோர்ட்டும், எல்லாவற்றுக்கும் மேல் சென்னையில் ஹைகோர்ட்டும் இருப்பதாக நான் பள்ளியில் படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பீல் போகலாம் என்று அய்யாவிடம் விடாமல் சொன்னேன்.

"அப்பீலுக்குப் போனா ஜட்ஜய்யா மூஞ்சில எப்பிடித்தா முழிக்கிறது? கோவிக்க மாட்டாகளா?" என்றார் அய்யா.

கடைசியில் அரை மனதாகக் கிளம்பினார். அப்பீலுக்கு வேண்டிய தீர்ப்பின் நகலுக்கு மனுப்போட இருவரும் முன்சீப் கோர்ட்டுக்கே போனோம். "அப்பீலுக்கா?" என்று கேட்டார் குமாஸ்தா. அய்யா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆமாம் என்றேன். அவர் முகம் சுளிக்காமல் மனுவை வாங்கிக்கொண்டார். சில நாளில், அதே கோர்ட்டின் முத்திரை குத்திய நகல் கைக்கு வந்தது.

"ஏத்தா, அவுகள எதுத்துப் போறதுக்கு அவுக ஆபீசுலயே சீல் வச்சுக் குடுக்குறாகளா!"

தன் சொல்லும் தவறாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிற அதிகாரத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே வக்கீல் வீட்டில், அப்பீல் மனுவின் அடியில் அய்யா தன் கட்டைவிரலை அழுத்திப் பதித்தார்.